முத்தின் நீர்மை

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவைக் கூறும் இளங்கோவடிகள், வட்டமுத்துத் தொகுதியின் நீர்மைக்குத் திங்கள், வியாழன், செவ்வாய் ஆகிய மூன்றனையும் உவமையாக்குகின்றார். ஈண்டு ‘நீர்மை’ என்பதற்குத் தன்மை என்றோ நிறம் என்றோ பொருள் கொண்டு கடந்து செல்லுதல் எளிது. அது போதுமா என்பதே நாம் ஆராயப் புகுந்தது.

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்கள் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தன. அவை இறைவனுக்களித்த அணிகலன்களின் முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி, கறடு எனப் பகுத்து, உடன் ‘குளிர்ந்த நீர்’, ‘சிவந்த நீர்’ எனவும் குறிக்கின்றன. முன்னவை பெரும்பாலும் வடிவும் அளவும் பற்றியன. பின்னவை ஒளி பற்றியன. காப்பியத்திலும் வட்டமும் நீர்மையும் இணைந்தே வருதல் நோக்கத்தக்கது. எனவே, நீர்மை என்பது முத்து வணிகர்தம் குறியீட்டுச் சொல் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

நீர் என்பது நிறமே என்பாரும் உளராகலாம். சிவந்த நீர் என்பது அதற்கு இடந்தரும்; குளிர்ந்த நீர் என்பது இடந்தராது. குளிர்ச்சி நிறமன்று. நிறமே கருத்தாயின் பாலும் பொன்னும் பவழமும் உவமையாக அமையும். அடிகள் வானத்தொளிரும் கோள்களை நாடியது, நிறத்தோடு ஒளியும் வேண்டியமையான் என்க. மணியின் ஒளியை நாம் ‘நீரோட்டம்’ என்று வழங்குதலும், பாரசீகத்தில் நீரைக் குறிக்கும் ‘ஆப்’ என்னும் சொல் மணியொளியையும் குறித்தலும் இதற்கு அரண் செய்வன.

மன்னார்க் கடலின் முத்துத்தரம் காணும் முறையும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றது. 20 துளை முதல் 1000 துளை வரையுடைய பத்துப் பித்தளைச் சல்லடைகளால் பருமனைப் பிரித்தனர். எடையை மஞ்சாடியால் நிறுத்தனர். ஆயின் ‘ஆணி’ எனத் தலைமை பெறும் முத்து, உருட்சியும் ஒளியும் ஒருங்கே நிரம்பியதாதல் வேண்டும். இரண்டில் ஒன்று சிறிது குறையினும் அது அடுத்த தரத்ததே. உருட்சியைச் சல்லடையும் உருட்டலும் காட்டும்; ஒளியைக் கண்ணொன்றே காட்டும்.

அவ்வொளியின் காரணத்தை இற்றை அறிவியல் விளக்குகின்றது. சிப்பி சுரக்கும் சுண்ணத் தகடுகள், மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2000-இல் ஒரு பங்கு கனத்தில், அடுக்கடுக்காய்ப் படிகின்றன. பல அடுக்கினின்றும் மீளும் ஒளிக்கதிர்கள் தம்முட் கலத்தலின், நோக்குங் கோணத்திற்கேற்ப வண்ணம் மாறுகின்றது. அஃதாவது, அவ்வொளி மேற்பூச்சன்று, உள்ளிருந்து எழுவது. ‘நீர்’ என்ற பெயர் எத்துணைப் பொருத்தமுடைத்து!

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. 1973-இல் அங்கே வளர்ப்பு முத்து ஆக்கப்பட்டதெனினும், பழைய குளிப்பு மீளவில்லை. தொழில் நின்றால் சொல்லும் நிற்கும். முத்துவணிகத்திற் பேர்பெற்ற கீழக்கரை முதல் இராமேசுவரம் வரையுள்ள கரையூர்களில், முதியோர் நாவில் எஞ்சிய தரச்சொற்களைத் தொகுத்துக் கல்வெட்டுச் சொற்களோடு ஒப்பிடுதல் ஆய்வு மாணவர் கடன். அன்றேல், ஊர்காண் காதையின் இவ்வடிக்கு நாம் கூறும் உரை வட்டமிருந்தும் நீரற்ற முத்தாகவே அமையும்.