அறிவின் வரம்பும் நிறைவின்மையும்: காண்ட்டின் எல்லை வரையறை – ஒரு திறனாய்வு

மனித அறிவு எதுவரை செல்லும் என்னும் வினா பழமையானது. அவ்வினாவிற்கு விடை காணும் பொறுப்பை அறிவினிடமே ஒப்படைத்தமை புதுக்கால மேலைத் தத்துவத்தின் தனித்தன்மையாகும். லாக், ஹியூம் ஆகியோரிடம் உருப்பெற்ற இம்முயற்சி, இம்மானுவேல் காண்ட்டின் 'தூய அறிவின் திறனாய்வு' (1781, திருத்திய பதிப்பு 1787) என்னும் நூலில் முழு வடிவம் கொண்டது. காண்ட் இம்முயற்சியை ஒரு வழக்குமன்றமாக உருவகிக்கிறார். அம்மன்றத்தில் வழக்கில் நிற்பதும் அறிவே. நடுவராக அமர்வதும் அறிவே. இத்தகைய வழக்கின் தீர்ப்பு செல்லுமா என்பது ஆராயத்தக்கது.

1. ஹியூமும் காண்ட்டும்

ஒரு பந்து மற்றொன்றின்மீது மோத, அது நகர்கிறது. முன் நிகழ்வும் பின் நிகழ்வும் கண்ணுக்குப் புலனாகின்றன; முன்னதால் பின்னது நிகழ்ந்தே தீரும் என்னும் கட்டாயம் புலனாவதில்லை. காரணகாரியத் தொடர்பு என்பது பழக்கத்தால் மனம் கொள்ளும் எதிர்பார்ப்பே என்பது ஹியூமின் முடிபு (1739–40, 1748).

காண்ட் இம்முடிபை மாற்றியமைத்தார். காரணகாரியம் முதலான பன்னிரு கருத்தினங்கள் அனுபவத்திலிருந்து பெறப்படுவன அல்ல. அனுபவம் அனுபவமாக அமைவதற்கே அவை முற்கோள்கள். ஆயின் இவ்வெற்றிக்கு ஒரு விலை உண்டு. கருத்தினங்கள் காலத்திலும் வெளியிலும் தோன்றும் பொருள்களுக்கே பொருந்தும். பொருள் தன்னளவில் யாது என்பது அறிவுக்கு அப்பாற்பட்டதாகிறது.

2. இரு சொற்கள்

ஹியூம் அறிவைக் குறுக்கினாரேயன்றி அதற்கு எல்லை வகுக்கவில்லை என்பது காண்ட் கூறும் குறை. இக்குறையின் பொருள், 1783இல் வெளிவந்த 'புரோலெகோமெனா' என்னும் நூலில் அவர் செய்யும் சொற்பாகுபாட்டால் விளங்கும். 'ஷ்ராங்கெ' என்னும் செருமானியச் சொல் வெறும் இன்மையைக் குறிப்பது. கணிதம் இன்னும் கண்டறியாதன உள; அவற்றைக் கண்டறிந்தாலும் அது தன் புலத்திற்குள்ளேயே விரிகிறது. 'கிரென்ட்ஸெ' என்பதோ தனக்கு அப்பால் ஓர் இடம் உண்டென்பதை உட்கொண்டது. தமிழில் இவ்விரண்டையும் 'எல்லை' என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்பின் வாதத்தின் நாடி தவறிவிடும். முன்னதை 'நிறைவின்மை' என்றும் பின்னதை 'வரம்பு' என்றும் வழங்குதல் தகும். வரம்பு என்பது வயலின் வரப்பையும் குறிக்கும் சொல். வரப்பு இருபுறத்திற்கும் உரியது. அதன்மேல் நிற்பவன் மறுபுறம் ஒன்று உண்டென அறிவான், அங்கு உழமாட்டான்.

3. இரு மறுப்புகள்

முதல் மறுப்பு யாக்கோபியினது (1787). தன்னளவிற் பொருளே புலன்களைத் தாக்கி உணர்வுகளை எழுப்புகிறது எனின், காரணகாரியக் கருத்து அதன் உரிய புலத்தைக் கடந்து செலுத்தப்படுகிறது. இம்மறுப்பு வலுவுடையது. தன்னளவிற் பொருள் என்பது புலனறிவின் மிகைக் கோரிக்கையைத் தடுக்கும் வரம்புக் கருத்து மட்டுமே எனக் காண்ட் ஓரிடத்தில் தெளிவுறக் கூறினும், வேறிடங்களில் அதனை வினை புரியும் பொருள்போல் பேசுகிறார். இம்முரண் அவர் நூலில் தீர்க்கப்பெறவில்லை.

இரண்டாம் மறுப்பு ஹெகலினது. ஒன்றை எல்லை என அறிதலே அதனைக் கடந்தமைக்குச் சான்று என்பது அவர் வாதம். வரம்பையும் நிறைவின்மையையும் வேறுபடுத்தினால் இவ்வாதத்தின் வலு குறைகிறது. மறுபுறம் உண்டென எண்ணுதல் வேறு. மறுபுறத்தில் உள்ளதை அறிதல் வேறு. காண்ட் மறுப்பது பின்னதையே.

இதற்குச் சான்று நான்கு முரணிணைகள். உலகிற்குக் காலத்தில் தொடக்கம் உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் நிகரான நிறுவல்கள் தரப்படுகின்றன. அறிவு தன் வரம்பை மீறியதை வெளியிலிருந்து எவரும் சுட்ட வேண்டியதில்லை. தன்னொடு தானே மோதுவதால் அதுவே உணர்கிறது. நடுவர் வேறொருவராதல் வேண்டும் என்னும் தேவை இங்கு நீங்குகிறது.

4. மதிப்பீடு

அறிவை விலக்கி நம்பிக்கைக்கு இடம் தந்ததாகக் காண்ட் தம் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் கூறுவது கொண்டு, அவர் ஆய்வின் வாயிலை அடைத்தார் என்பார் உளர். இது பொருந்தாது. அவ்வரம்பு கடவுள் உண்டென நிறுவுவாரையும் இல்லையென நிறுவுவாரையும் ஒருங்கே தடுக்கிறது. அறியாமையைச் சான்றாகக் காட்டி எதனையும் நிலைநாட்ட அதில் இடமில்லை.

காண்ட் பிழைத்த இடம் வேறு. யூக்ளிடிய வடிவியலை மனித வெளியுணர்வின் மாறா அமைப்பெனக் கொண்டார். 19ஆம் நூற்றாண்டில் பிற வடிவியல்கள் தோன்றின. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியற் கொள்கை, ஈர்ப்புப் புலத்தின் வடிவியல் யூக்ளிடியது அன்று எனக் காட்டியது. தம் காலத்து அறிவியலின் நிறைவின்மையை மனித அறிவின் வரம்பெனக் காண்ட் கொண்டுவிட்டார். தாம் வகுத்த பாகுபாட்டையே அவர் இங்குக் கைவிட்டார் எனலாம்.

ஆகவே, வரப்பு இடப்பட்ட இடம் ஓரளவு தவறியதாயினும் வரப்பிடும் பணி தவறன்று. இன்று அறியப்படாதது எது, என்றும் அறியவியலாதது எது என்னும் வேறுபாட்டை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் ஆராய்ந்தாக வேண்டும். காண்ட்டின் பிழையும் அப்பாடத்தையே உணர்த்துகிறது.