மூளைக்குள்ளே இத்தனை கொழுப்பா!

ஹைதராபாத்துக்கு வந்தால் பேஜா ஃப்ரை என்ற மூளை வறுவலைச் சாப்பிடாமல் போகாதீர்கள் என்பார்கள். வறுப்பதற்கு முன் அதை ஒருமுறை வெட்டிப் பாருங்கள் என்பேன் நான்! "பாய், உடையாம முழுசா குடுங்க" என்று கேட்டு வாங்கிய ஆட்டு மூளையை ஃப்ரீசரில் கொஞ்சம் இறுகவிட்டு, கூரான கத்தியால் குறுக்கே அரிந்தேன். ஓரமெல்லாம் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு. உள்ளே பளீரென்று வெள்ளை. நடுவே பென்சிலால் கோடு போட்ட மாதிரி எல்லை. அடடா!

அந்த வெள்ளைதான் மயலின், நரம்பிழைகளின் உறை. உலர் எடையில் 70 முதல் 80 சதவீதம் கொழுப்பு! ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல் முதிர முதிர, கொலஸ்ட்ராலையும் கேலக்டோசெரிப்ரோசைடு என்ற சர்க்கரைக் கொழுப்பையும் ஏராளமாகத் தயாரித்து, தன் சவ்வை விரித்து, நரம்பிழையைச் சுற்றிச் சுற்றி மடிக்கிறது. மூளை தனக்கான கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்கிறது. ஆகவே வறுவல் தின்றால் அங்கே ஏறாது. ரத்தத்தில் ஏறுவது டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம்.

உடலின் செல்களுக்கெல்லாம் ஒரே கரு, ஒரே டிஎன்ஏ. ஆனால் கொழுப்பு மட்டும் செல்லுக்குச் செல் வேறு. விழித்திரையின் ஒளியுணர் செல் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலத்தைத் தன் சவ்வில் அள்ளித் திணித்துக்கொள்கிறது. மனிதக் கருவின் ஸ்டெம் செல் மேல் எஸ்எஸ்இஏ-4 என்ற சர்க்கரைக் கொழுப்பு இருக்கும். செல் வேறு திசுவாக மாறத் தொடங்கினால் அது மறைந்துகொண்டே போகும். மரபணுவுக்கே எல்லாப் புகழையும் கொடுத்துவிட்டு, லிப்பிடை, அதாவது கொழுப்பை, ஒரு பத்தியில் முடித்துவிடும் பாடப்புத்தகங்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

அந்தக் கோபத்தை ஆற்றியது எங்கள் ஊர் சிசிஎம்பி. உப்பல் சாலையிலுள்ள இந்த ஆய்வகத்தில் அமிதாப சட்டோபாத்யாய் குழுவினர் மாட்டு மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியிலிருந்து செல் சவ்வை எடுத்து, அதிலிருந்த கொலஸ்ட்ராலை உருவினார்கள். அந்தச் சவ்வில் செரோடோனினைப் பிடிக்கும் புரதமான செரோடோனின்-1ஏ ஏற்பியின் பிடிமானம் தளர்ந்தது. திருப்பிச் சேர்த்தார்கள், மீண்டது! 2004-ல் வந்த ஆய்வு இது. இதைவிட அருமையான கட்டம் ஒன்று உண்டு. ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும் கூடுதலாக உள்ள 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏற்பியின் பிடிமானம் மீளவில்லை! ஸ்மித்-லெம்லி-ஒபிட்ஸ் என்ற பிறவிக் கோளாறுள்ள குழந்தைகளின் உடலில் தேங்குவது இதே பொருள்தான்.

2021-ல் வேறொரு குழு அந்த ஏற்பியின் வடிவத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படம்பிடித்து வெளியிட்டது. அதன் ஓரங்களில் கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் ஜம்மென்று ஒட்டிக்கொண்டிருந்தன. விசில் அடித்தே விட்டேன்!