பங்களா மட்டும் நிற்கும் தோட்டம்

'இடிந்து போவதைவிட விடுதியாகவாவது நிற்கட்டுமே' என்பதுதான் பழைய தோட்டப் பங்களாக்களைச் சுற்றுலாவுக்குத் திறப்போர் சொல்லும் நியாயம். பாதி சரிதான். செண்டாயான், நீலாய் பக்கம் தோட்டங்கள் போய் வீடமைப்புத் திட்டங்கள் முளைத்ததைப் பார்த்த நெகிரி செம்பிலான்காரருக்கு ஒரு பழைய கூரை தப்பினாலே நிம்மதி. பிள்ளைகளுக்குப் பால்மரத்தையும் நேரில் காட்டலாம்.

என் சண்டை வேறு. தோட்டத்தில் எது மிஞ்சும் என்பதைச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு அன்றைக்கே தீர்மானித்துவிட்டது. துரைக்கு மேட்டில், காற்றோட்டமாக, உறுதியான மரத்தில் பங்களா. கிராணிக்கு அதற்குக் கீழே ஒரு வீடு. பால்மரம் வெட்டியவருக்குப் பலகையும் தகரமுமாய் லயம். பலகையைக் கரையான் தின்றது, தகரம் துருவேறியது. இத்தனை காலம் கழித்து வந்து 'நிற்பதைக் காப்போம்' என்றால், துரையைக் காப்போம் என்றுதான் பொருள்.

பசியாறிவிட்டு ஒன்பது மணிக்கு வரும் விருந்தினர் ஒரே ஒரு மரத்தில் கத்தியை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார். இருட்டில் பெரட்டு, தலையில் விளக்கு, நிரைக்கு ஏறத்தாழ 500 மரம், வெயில் ஏறினால் பால் நின்றுவிடுமே என்ற ஓட்டம், தோளை அறுக்கும் காண்டா வாளி... அந்தப் படத்தில் இவற்றுக்கு ஏது இடம்?

வெளியிலும் இதே கதைதான். போர்ட்டோ ரிக்கோவில் லா எஸ்பெரான்சா கரும்புத் தோட்டத்தை ஓர் இயற்கைக் காப்பு அறக்கட்டளை பராமரிக்கிறது. அங்கே பேர்போனது 1861ஆம் ஆண்டு நீராவி இயந்திரம். இரும்புக்கு ஆயுள் கெட்டி. அடிமையின் குடிசைக்கு ஏது? ஆனாலும் லூசியானாவின் விட்னி தோட்டம் 2014இல் திறந்தபோது அடிமைகளின் பெயர்களைச் சுவரில் பொறித்து வைத்தது. கம்பளை அருகே பழைய லய அறைகளையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கினார்கள்.

இங்கே லயமே இல்லையே என்பார்கள். மாரியம்மன் கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, இடுகாடு இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி வீட்டுக்கு வீடு பேச்சு இருக்கிறது. இதெல்லாம் கட்டடக்கலை ஆகாதாம்.

கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை கங்காணி கூட்டிவந்த ஆட்களின் பெயரோடு ஒரு பழைய செக்ரோலை எந்தப் பங்களாக்காரராவது வரவேற்பறையில் மாட்டட்டும். வாடகை எவ்வளவானாலும் ஒரு ராத்திரி தங்குகிறேன்.