விலைப்பட்டியலும் விலக்குப்பட்டியலும்

1

'கவிதை, நாவல் எல்லாம் தீர்ந்துபோச்சா, பாத்திரக்கடை நோட்டீஸுக்கு வந்துட்டீங்களே' என்றார் சிநேகிதர் ஒருவர். தீரவில்லை. ஆனால் நம் விமர்சனம் எதையெல்லாம் வாசிக்கத் தகுந்த பிரதி என்று ஒப்புக்கொள்கிறது, எதையெல்லாம் பொட்டலம் மடிக்க விட்டுவிடுகிறது என்பதே ஒரு அரசியல்தான். சலவைத்தூள் விளம்பரத்தை ரொலான் பார்த் வாசித்தால் (அது 1957இல் வந்த 'மித்தாலஜீஸ்' நூலில் இருக்கிறது) நாம் தலையாட்டுகிறோம். நம்ம ஊர்ச் சந்தையில் ஒட்டிய லேபிளை வாசித்தால் சிரிக்கிறோம்.

நான் வாசிக்க எடுத்துக்கொள்வது வீட்டுச் சாமான்களின் பட்டியல்களை. அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 'இதையெல்லாம் வாங்குங்கள்' என்பது. இன்னொன்று, 'இதையெல்லாம் நீ வைத்திருக்கக் கூடாது' என்பது. முதலாவதற்கு அருங்காட்சியகம் இருக்கிறது, சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், ஆய்வு நூல்கள் இருக்கின்றன. இரண்டாவதை யாரும் 'கேட்டலாக்' என்று அழைப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் கடைக்காரர்களும் கைவினைஞர்களும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த சீட்டுகளைக் கொடுத்தார்கள். மேலே கடையின் சின்னம், நடுவில் பெயர், கீழே சரக்குகளின் வரிசை. பின்பக்கத்தைப் பில் எழுதவும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஓவியர் ஹோகார்த் செதுக்குத் தொழிலாளியாகத் தொழில் தொடங்கியபோது 1720இல் தனக்கே ஒரு சீட்டு செதுக்கிக்கொண்டார். அறைகலன் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஆம்ப்ரோஸ் ஹீல் சேகரித்த சீட்டுகள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மட்பாண்டக்காரர் வெட்ஜ்வுட் 1774இல் தன் பாத்திரங்களின் படங்களோடு பட்டியல் போட்டார். இதையெல்லாம் சேர்த்து 'நுகர்வுச் சமூகத்தின் பிறப்பு' என்று மெக்கெண்ட்ரிக், புரூவர், பிளம்ப் மூவரும் 1982இல் ஒரு நூலே எழுதினார்கள்.

இந்தச் சீட்டு இரண்டு விஷயங்களை முன்னிபந்தனையாகக் கொண்டிருக்கிறது. ஒன்று, செய்கிறவனுக்கு அல்லது விற்கிறவனுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்வதில் அவனுக்குக் கூச்சம் இல்லை. இன்னொன்று, வாங்க வருகிறவன் அந்நியன். தெரிந்தவனுக்கு எதற்குச் சீட்டு?

நம் கிராமத்துக் குயவர் ஏன் சீட்டு அடிக்கவில்லை? அச்சு இல்லை, எழுத்தறிவு இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். விஷயம் அதுவல்ல. அவருக்கு அந்நியன் இல்லை. யார் வீட்டுக்கு எத்தனை பானை, எந்தச் சடங்குக்கு எந்தச் சட்டி, அறுப்புக்களத்தில் அவருக்கு எத்தனை படி என்பதெல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. தச்சருக்கும் கொல்லருக்கும் அப்படித்தான். அவர் வியாபாரி இல்லை, ஊருக்குக் கடமைப்பட்டவர். அவர் பெயர் ஊருக்குத் தெரியும், ஆனால் பாண்டத்தில் இருக்காது. நம் பித்தளைப் பாத்திரத்தில் பேர் வெட்டுவோமே, அதில் யார் பெயர் இருக்கும்? சீர் கொடுத்தவர் பெயர், இல்லாவிட்டால் உடைமைக்காரர் பெயர். அடித்தவர் பெயர் இருக்காது.

இந்தச் சீட்டில்லாத நிலையைப் பார்த்து 'விளம்பரம் தீண்டாத பொற்காலம்' என்று உருகுகிறவர்கள் உண்டு. நான் உருகத் தயாராக இல்லை.

3

இங்கேதான் தர்மபுரி வருகிறது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனிக்குக் கைமாறியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அதை நிர்வகிக்க வந்தார். அவருக்குக் கீழே 1799 வரை வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. தர்மபுரியில் அவருக்கு வீடும் தோட்டமும் இருந்தன. நிலத்தை அளந்தார், வரியைத் தீர்மானித்தார், குடியானவர் வீடுகளைப் பார்த்தார். பின்னால் கவர்னரானபோது அவரைப் 'பிரஜைகளின் நண்பர்' என்று கொண்டாடியது வேறு கதை.

1813இல் கம்பெனியின் ஏகபோகத்தை நீட்டிப்பதா என்ற கேள்வி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வந்தது. இந்தியாவில் எங்கள் சரக்கு விற்குமா என்று வியாபாரிகள் துடித்துக்கொண்டிருந்த நேரம். மன்றோ சாட்சி சொன்னார். விற்காது என்பது அவர் பதிலின் சாரம். காரணங்களையும் அடுக்கினார்: துணி, தோல், காகிதம், பித்தளை இரும்புப் பாத்திரம், விவசாயக் கருவி எல்லாம் அங்கேயே மலிவாகவும் நன்றாகவும் செய்கிறார்கள், மண் வீட்டில் தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுகிறவர்களுக்கு நம் மேஜையும் தட்டும் எதற்கு, அவர்களுடைய எளிய வாழ்க்கையைச் சாதியும் சீதோஷ்ணமும் தீர்மானித்திருக்கின்றன. ஏழு வருஷம் உடுத்திய ஓர் இந்தியச் சால்வையைப் பற்றியும் சொன்னார். அது அவ்வளவு உழைத்தது, இனாமாகக் கொடுத்தாலும் ஐரோப்பியச் சால்வையைத் தொடமாட்டேன் என்றார்.

நம் தேசியவாதிகளுக்கு இது தேனாக இனித்தது. 1902இல் வெளிவந்த தன் பொருளாதார வரலாற்றில் ரமேஷ் சந்திர தத் இந்தச் சாட்சியத்தை எடுத்தாண்டார். வெள்ளைக்காரனே நம் கைவினையை ஒப்புக்கொண்டான் என்ற பெருமிதம். அது நியாயமான பெருமிதம்தான். லங்காஷயர் துணி வந்து நெசவாளர் வயிற்றில் அடித்த சரித்திரத்துக்கு முன்னால் அந்தச் சாட்சியத்தின் எடை கூடுகிறது.

ஆனால் இன்னொரு வாசிப்பும் வேண்டும். மன்றோவின் சொல்லாடலில் 'இந்து' என்று ஒரே ஒரு ஆள் இருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு வீடு. அந்த வீட்டில் சாமான் இல்லை என்பதை 'எளிமை' என்று மன்றோ படிக்கிறார். பணக்காரர் வீட்டில் மட்டும் ஒரு சிறு கம்பளம், சில பாய், தலையணை என்று ஒரு விலக்குக் கொடுக்கிறார். சாதி என்ற சொல்லையும் உச்சரிக்கிறார். ஆனால் எப்படி? சீதோஷ்ணத்தின் பக்கத்தில் உட்காரவைத்து. வெயில் போல, மழை போல, சாதியும் ஓர் இயற்கை; அதற்கேற்ப அவர்கள் விருப்பங்கள் சுருங்கியிருக்கின்றன. 'வேண்டாம் என்றிருக்கிறார்கள்' என்பதற்கும் 'கூடாது என்று வைக்கப்பட்டிருக்கிறார்கள்' என்பதற்கும் உள்ள தூரம் அந்தச் சாட்சியத்தில் அழிந்துபோகிறது. காலனிய அதிகாரியும் கிராமியப் பொற்காலவாதியும் கைகுலுக்குகிற இடம் இதுதான்.

4

மன்றோவின் ஜோசியம் பலிக்கவில்லை. சரக்கு வந்தது. சரக்கோடு படமும் வந்தது. மான்செஸ்டர் துணிக் கட்டுகளில் ஒட்டிய வண்ணச் சீட்டுகளில் நம் சாமிகளே சிரித்தார்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் தெய்வப் படங்கள், பிறகு பல கம்பெனிகளின் லேபிளாகவும் காலண்டராகவும் வீடு புகுந்தன. 1877இல் வி.பி.பி. முறை வந்தது, பணத்தைத் தபால்காரரிடம் கட்டிப் பார்சலை வாங்கிக்கொள்ளலாம். 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதை போட்டார்கள். பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுவரப் போட்ட பாதைதான், ஆனால் தானியம் வருகிற வண்டியில் தகர டப்பாவும் வரும். (அந்த ரயில் 1941இல் நின்றுபோனது.) 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன் விளம்பரத் தொழிலிலும், தபாலில் சரக்கு அனுப்பும் வியாபாரத்திலும் இருந்தவர். நவீனத் தமிழ் வெகுஜனப் பத்திரிகையின் தாய்வீடு விலைப்பட்டியல்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ரொம்ப மிகை இல்லை.

அலுமினியத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். 1900இல் சென்னையில் இந்தியன் அலுமினியம் கம்பெனி உருவானது. பித்தளைக்குக் கௌரவம் இருந்தது, புளி போட்டுத் தேய்க்கிற சடங்கு இருந்தது, சீர்வரிசையில் இடம் இருந்தது. இந்த வெள்ளை உலோகத்துக்கோ சாஸ்திரமே கிடையாது. சாஸ்திரம் இல்லாத உலோகம் என்பதால்தான் அது எல்லார் வீட்டுக்கும் போக முடிந்தது. பின்னால் எவர்சில்வர் அதைத் தாண்டிப் போயிற்று. பழைய பட்டுச்சேலையைக் கொடுத்தால் பாத்திரம் கொடுக்கிறவர் தெருத்தெருவாக வந்தார்.

பொருள்கள் தேவையைத் தீர்ப்பதற்காக அல்ல, குறிகளாகவே நுகரப்படுகின்றன என்றார் போத்ரியா (அவருடைய 'பொருள்களின் அமைப்பு' 1968இல் வந்தது). நம் ஆட்கள் பலர் இதை அப்படியே எடுத்துக்கொண்டு, விலைப்பட்டியல் என்றாலே ஆசை காட்டி மோசம் செய்கிற முதலாளியச் சூழ்ச்சி என்று முடித்துவிடுகிறார்கள். ஐரோப்பாவில் அது பொருந்தலாம். இங்கே விலைப்பட்டியலுக்கு வேறொரு குணமும் இருக்கிறது. அதில் பெயர், வர்ணனை, விலை இருக்கிறது. சாதி கேட்கிற கட்டம் இல்லை. 'குடை ஒன்று, இவ்வளவு ரூபாய்' என்ற வாக்கியம் யாரை நோக்கியும் பேசுகிறது. கொடுக்கிற கையில் காசு இருந்தால் போதும் என்கிற அந்த அநாகரிகமான, உணர்ச்சியற்ற வாக்கியம், களத்துமேட்டில் படிக்குக் காத்திருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

லேபிளில் இருப்பது உயர்சாதித் தேவதைதான், கையில் காசும் எல்லாருக்கும் வந்துவிடவில்லை, பார்சல் சேரிக்குள் வருமா என்பதும் கேள்விதான். சந்தை விடுதலை செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சந்தையின் வாக்கியத்துக்கும் ஊரின் வாக்கியத்துக்கும் வித்தியாசம் உண்டு என்கிறேன்.

5

ஊரின் வாக்கியம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பிரதி இருக்கிறது. தர்மபுரியில் இல்லை, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில். 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது.

இதைக் கேட்டலாக்காகப் படித்துப் பாருங்கள். நகைக்கடை, துணிக்கடை, முடிதிருத்தகம், பாத்திரக்கடை, பூக்கடை, குடைக்கடை, செருப்புக்கடை — ஒரு சின்ன டவுனின் கடைத்தெரு மொத்தமும் இதில் இருக்கிறது. விலைப்பட்டியலை எழுதியவருக்குத் தெரிந்ததைவிடத் துல்லியமாக இதை எழுதியவர்களுக்குப் பொருள்களின் அர்த்தம் தெரிந்திருக்கிறது. போத்ரியாவை அவர்கள் படிக்கவில்லை. ஆனால் பனியன் ஒரு குறி என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியமும் சாமானும் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளை போயின என்று ஹட்டன் எழுதுகிறார்.

இப்போது மன்றோவிடம் திரும்பிப் போகலாம். நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி, வேறு மாவட்டம். ஒன்றை வைத்து இன்னொன்றை நிரூபிக்க முடியாதுதான். ஆனால் 'சாமான் இல்லாத வீடு' என்ற காட்சியை எளிமை என்று மட்டும் படிக்கிற உரிமையை இந்த எட்டுத் தடைகள் நம்மிடமிருந்து பறித்துவிடுகின்றன. எந்த மண்பானை விருப்பத்தால் அடுப்பில் ஏறியது, எது கட்டளையால் ஏறியது என்று பானையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

6

தர்மபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய்ப் பகுதி. இரட்டைக் குவளைக்கு எதிராக நக்சல்பாரி இயக்கத்தினர் போராடிய மண்; அப்பு, பாலன் சிலைகள் அங்கே நிற்கின்றன. டீக்கடையில் ஒரு தம்ளருக்காக நடந்த அந்தச் சண்டையும் வீட்டுச் சாமான் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம்தான். அந்தப் பகுதியில், 2012 நவம்பர் 7 அன்று, நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. ஒரு சாதிமறுப்புத் திருமணம் காரணமாகச் சொல்லப்பட்டது.

எரிந்தது ஓலைக்குடிசை அல்ல. பெங்களூருக்கும் வேறு ஊர்களுக்கும் கூலிக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள். பீரோ, டி.வி., இருசக்கர வாகனம், கட்டில், நகை, துணிமணி, பிள்ளைகளின் சான்றிதழ். ஆட்களை விரட்டுவதுதான் நோக்கமென்றால் பீரோவை உடைக்க வேண்டியதில்லை. 1930இன் எட்டுத் தடைகளை இப்போது யாரும் எழுதி ஒட்டுவதில்லை. எழுதாமலே அமல் செய்கிறார்கள்.

அதன்பின் வீடுவாரியாக இழப்புப் பட்டியல் எழுத வேண்டிவந்தது. என்னென்ன இருந்தது, என்ன விலை என்று சாம்பலுக்கு நடுவில் நின்று சொல்லவேண்டிய நிலை. பொருளின் பெயரும் எதிரில் விலையும் இருக்கிற மூன்றாவது வகைப் பட்டியல் இது. இதை எந்த அருங்காட்சியகம் சேகரிக்கும்?

7

இதே மாவட்டத்தில் அரூருக்கு அப்பால் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள், கிட்டத்தட்ட மறந்துபோயிருந்த தங்கள் தையல்வேலையை மீட்டெடுத்து விற்கிறார்கள். அமைப்பின் பெயர் 'போர்கை'. அவர்கள் மொழியில் பெருமிதம். செய்கிறவர்கள் தங்களுக்கு ஒரு பெயரை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆளுக்கு விற்கிறார்கள் — லண்டன் சீட்டின் அதே இரண்டு நிபந்தனைகள். கைவினைப் பொருளோடு தொங்குகிற அட்டைகளில் பொதுவாக ஒரு வழவழப்பு இருக்கும், 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்குள் வறுமையை மடித்து வைக்கிற தந்திரம் இருக்கும். அதையும் சந்தேகத்தோடுதான் படிக்கவேண்டும். ஆனால் செய்தவர் பெயரை எழுதுகிற பழக்கம் இந்த மண்ணில் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

நுகர்வுக் கலாச்சாரத்தை விமர்சிக்கவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விமர்சிக்கிற நாம் எந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்பதே கேள்வி. 'எதுக்குப்பா இவ்வளவு சாமான்?' என்று கேட்பது நம் வரவேற்பறையில் தத்துவம். அதே கேள்வி, அதே வார்த்தைகளில், நத்தத்தில் கேட்கப்பட்டபோது கூடவே தீயும் வந்தது.