லீலாவதியின் மகள்களா? – ஒரு நூற்பெயர் ஆய்வு

நம் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி 2008-ஆம் ஆண்டு ஒரு நல்ல ஆங்கில நூலை வெளியிட்டது. ‘லீலாவதீஸ் டாட்டர்ஸ்’, அதாவது ‘லீலாவதியின் மகள்கள்’ என்பது அதன் பெயர். ரோகிணி கோட்போலே, ராம் ராமசுவாமி இருவரும் பதிப்பாசிரியர்கள். ஏறத்தாழ நூறு இந்தியப் பெண் விஞ்ஞானிகளின் வாழ்க்கை இதில் உள்ளது. இருந்தவர்கள் தாமே எழுதினார்கள். மறைந்தவர்களைப் பற்றிப் பிறர் எழுதினார்கள். வீட்டில் பெண் குழந்தை இருப்பவர்கள் அவசியம் வாங்கி வைக்க வேண்டிய நூல். என் குறையெல்லாம் அதன் பெயரைப் பற்றியதுதான்.

யார் இந்த லீலாவதி? பாஸ்கராச்சாரியார் 1150-இல், தம் 36-ஆம் வயதில், ‘சித்தாந்த சிரோமணி’யை இயற்றினார். அதன் கணக்குப் பகுதிக்கு ‘லீலாவதி’ என்று பெயர். வட்டி, கலப்புத் தங்கம், தானியக் குவியல், பண்டமாற்று என்று எங்களைப் போன்ற வியாபாரிகளுக்குப் பழக்கமான சங்கதிகள் அதில் நிறைய உண்டு.

அவள் பாஸ்கரரின் மகள் என்றொரு கதை வழங்குகிறது. கல்யாண முகூர்த்தம் பார்க்க, அடியில் துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விட்டார்களாம். பெண் குனிந்து பார்த்தபோது அவள் உடையிலிருந்து ஒரு முத்து விழுந்து துளையை அடைத்துவிட்டது. முகூர்த்தம் தவறிப் போயிற்று, கல்யாணமும் நின்றுபோயிற்று. மகளைத் தேற்றுவதற்காகத் தந்தை அவள் பெயரில் நூல் செய்தாராம்.

இக்கதை பாஸ்கரர் சொன்னதன்று. அக்பர் சபையிலிருந்த ஃபைஸி 1587-இல் செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் முன்னுரையில்தான் இது முதலில் காணப்படுகிறது. நடுவே நானூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. மூல நூலில் மான்விழிச் சிறுமியும் விளிக்கப்படுகிறாள், தோழனும் விளிக்கப்படுகிறான். குங்குமப்பூ விலைக் கணக்கு ஒன்றிலே வணிகனையே கூப்பிட்டு விடை கேட்கிறார்! ஆகவே ஒரு மகளுக்கென்றே எழுதிய நூல் என்று சொல்ல முடியாது.

கதை உண்மையா பொய்யா என்பது கூட இருக்கட்டும். அது சொல்லும் செய்தி என்ன? கல்யாணம் நடக்காததால் அந்தப் பெண்ணுக்குக் கணக்கு கிடைத்தது என்பதுதானே! அறிவு அங்கே ஆறுதல் பரிசாக வருகிறது. நூல் நெடுக அவளிடம் கேள்வி கேட்கிறார்கள். அவள் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

அந்நூலில் உள்ள பெண்களோ ஆறுதல் பரிசு வாங்கியவர்கள் அல்லர். இருவரை மட்டும் காட்டுகிறேன்.

கமலா சோஹோனி பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று, 1933-இல் நம்மூர் டாட்டா இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். பெண் என்பதால் சர் சி.வி. இராமன் சேர்க்க மறுத்தார். கமலா விடவில்லை, காரணம் கேட்டு நின்றார். கடைசியில் ஓராண்டு சோதனை என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. அவர் வேலையைக் கண்டபின் இராமனே மனம் மாறிப் பெண்களைச் சேர்த்தார். கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அன்னா மணி 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரி மாணவி. இராமனிடம் வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்து, 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு அனுப்பினார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் காட்டிப் பட்டத்தை மறுத்தார்கள். தமிழர்களாகிய நாம் தலைகுனிய வேண்டிய சங்கதி இது. அவர் அழுது உட்கார்ந்துவிடவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948-இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிய கருவிகளை இங்கேயே செய்ய வழிவகுத்தார். இந்தியாவில் விழும் வெயிலை அளந்து நூலாக்கினார்.

இவர்களுக்கு முன்னோடி தேட வேண்டுமென்றால் நம் தமிழிலேயே ஒருத்தி இருக்கிறாள். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியின் தலைவி அவள். பத்துச் சருக்கம் கொண்ட அந்நூலைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் பதிப்பித்தார். குண்டலகேசி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவர் இருப்பிடத்துக்கும் நீலகேசி தானே போகிறாள், கேள்வி கேட்கிறாள், காரணம் காட்டி மறுக்கிறாள். அவளும் கற்பனைப் பாத்திரம்தான், விஞ்ஞானியும் அல்லள். ஆனாலும் ‘ஏன்’ என்று கேட்பதுதானே விஞ்ஞானத்துக்கு முதல் படி!

சமண நூல் என்பதால் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் திகம்பர மரபு, பெண் பிறவியில் வீடுபேறு இல்லை என்றே சொல்கிறது. வாதத்துக்குப் பெண்ணை அனுப்பிய மரபே அந்தக் கதவையும் சாத்தி வைத்தது. இதை மறைத்துவிட்டு இராமனையும் பல்கலைக்கழகத்தையும் மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது.

பெண்ணையும் கணக்கையும் சேர்த்து நினைத்தால் இந்தியாவில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் லீலாவதிதான், அதனால் வைத்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஏற்றுக்கொள்கிறேன். பெயரை இனி மாற்றவும் முடியாது. நூலைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது முத்துக் கதையோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். கமலா வாசலில் நின்று காரணம் கேட்டதைச் சொல்லுங்கள். பட்டம் தராவிட்டாலும் அன்னா மணி வெயிலை அளந்ததைச் சொல்லுங்கள். பெண் பிள்ளை கேள்வி கேட்டால் ‘சும்மா இரு’ என்று சொல்லும் வழக்கத்தை நம் வீட்டில் முதலில் விடுவோம்.