பதிப்பு என்று ஒரு சொல்

எட்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதினேன். அதில் ஒரு கவிதையின் நடுவே ஒரு வரி அளவுக்கு வெற்றிடம். பேச்சு தன்மீதே சந்தேகப்பட்டு நிற்கும் இடம் அது என்று ஒன்றரைப் பக்கம் விளக்கியிருந்தேன். சென்ற மாதம் அதே தொகுப்பின் 'இரண்டாம் பதிப்பு' கைக்கு வந்தது. வெற்றிடத்தைக் காணோம். வரிகள் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. கவிஞர் இடையில் காலமாகிவிட்டார். அவரே அதை நீக்கினாரா, கவிதையை ஒரே பக்கத்தில் அடக்குவதற்காகப் பக்கம் அமைத்தவர் நெருக்கிவிட்டாரா? நூல் விவரப் பக்கத்தில் புத்தகத்தின் அளவு, தாளின் எடை, எழுத்தின் புள்ளி, கட்டுமானம் எல்லாம் இருக்கின்றன. இது மட்டும் இல்லை.

ஆங்கிலப் புத்தகச் சேகரிப்பாளர்களின் கலைச்சொற்களைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றே நானும் ஒதுக்கியிருந்தேன். 1952இல் ஜான் கார்ட்டர் அவற்றை அகரவரிசைப்படுத்தி ஒரு புத்தகமே போட்டார். அவற்றில் பல மேலுறை கிழியாமல் இருக்கிறதா என்கிற ரகம்தான். ஆனால் மூன்று சொற்கள் விமர்சகனுக்கு வேண்டியவை. எடிஷன் என்பது ஒருமுறை கோத்த எழுத்திலிருந்து, எத்தனை தடவையானாலும், அச்சான எல்லாப் பிரதிகளும் சேர்ந்தது. இம்ப்ரெஷன் என்பது அதில் ஒரே தடவையில் அச்சாகி இறங்கியவை. ஸ்டேட் இன்னும் நுட்பமானது. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழையைக் கண்டு நிறுத்தித் திருத்தினால், முன்னே விழுந்த தாளும் பின்னே விழுந்த தாளும் இரு வேறு நிலைகள். காகிதம் விலை உயர்ந்த பொருளாதலால் பிழையான தாளையும் சேர்த்தே கட்டுவார்கள். ஷேக்ஸ்பியரின் 1623ஆம் வருஷத்துப் பெருந்தொகுதி பிரதிக்குப் பிரதி வேறுபடுவது இதனால்தான். சார்ல்டன் ஹின்மன் என்பவர் இதற்கென்றே ஒரு கருவி செய்து, பல பிரதிகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, 1963இல் முடிவுகளை வெளியிட்டார். மூலம் என்று நாம் கைகூப்புவது அங்கே பல தாள்களின் கலவை.

என் நிலைமைக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு என்பதில் அற்பமான ஆறுதல். மெல்வில்லின் 'ஒயிட் ஜாக்கெட்' நாவலில், கப்பலிலிருந்து கடலில் விழுந்தவன்மீது ஏதோ ஒரு மீன் உரசிப் போகிறது. அழுக்கடைந்த மீன் என்றிருக்கும் அடைமொழியை எடுத்துக்கொண்டு, மெல்வில்லைத் தவிர வேறு யாரால் இந்த நடுக்கத்தைத் தரமுடியும் என்ற தொனியில் மத்தியஸன் 1941இல் வியந்து எழுதினார். 1850இல் வந்த முதல் எடிஷனில் அது சுருண்ட மீன். பின்னால் வந்த எடிஷனில் ஓர் எழுத்து மாறியிருந்தது. 1949இல் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டினார். மத்தியஸன் ரசித்தது அச்சகத்தின் சிருஷ்டி. ஆனால் எந்த எடிஷன் என்று சொல்ல அங்கே வார்த்தை இருந்தது. தவறைத் தவறு என்று நிரூபிக்க முடிந்தது.

நமக்கு? சி.வை. தாமோதரம் பிள்ளையும் சாமிநாதையரும் பதிப்பு என்றபோது அது ஒரு வேலையின் பெயர். ஏடுகளை ஒப்பிட்டு, பிரதிபேதங்களைக் குறித்து, ஏடு தந்தவர் யார் என்று முகவுரையில் எழுதிப் பொறுப்பேற்பது. அதே சொல்லைத்தான் தீர்ந்துபோன புத்தகத்தை மறுபடி அச்சடிப்பதற்கும் வைத்துக்கொண்டோம். மறுஅச்சு என்று பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் அல்ல. சங்கப் பாட்டின் ஓர் அசைக்குப் பாடபேதம் கேட்கிற நாம், நேற்றைய கவிஞனின் ஒரு முழு வரி காணாமல் போனால் கேட்பதில்லை. 1948இல் இறந்த புதுமைப்பித்தனின் கதைகளுக்கு அந்த மரியாதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் கிடைத்தபோது வருஷம் 2000.

இப்போது கணினிக் கோப்பிலிருந்து ஐம்பது, நூறு என்று அச்சடிக்கிறார்கள். ராத்திரி ஒரு வரியை மாற்றினால் காலையில் வேறு புத்தகம். அட்டையும் அதே, வருஷமும் அதே. நான் வேலை பார்க்கும் வங்கியில் சலானில் ஓர் இலக்கத்தை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துக் கேட்போம்.

பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். 'அதே புத்தகம்தான் சார், காப்பி தீர்ந்துபோச்சு, திரும்பப் போட்டோம்' என்று பதில் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினோரு இடங்கள்.