என் கேபினெட் இப்போது ஸ்கைலைன் நீலம்!

கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குக் கார் பெயிண்ட் அடிக்கலாம், ஷோரூம் காரைப் போல முகம் தெரிகிற பளபளப்பை வீட்டு மொட்டை மாடியிலேயே கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் தயங்காமல் நம்புங்கள். நான் அடித்துப் பார்த்துவிட்டேன். என் மேஜையில் இப்போது நிற்பது நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 காரின் பேசைட் நீலம்! 1999-இல் வந்த அந்தக் காரை நான் நேரில் தொட்டதுகூட இல்லை. என் வயதுக்காரர்கள் பலருக்கும் அது கிரான் டூரிஸ்மோ வீடியோ கேமில் ஓட்டிய கார். ஆனால் அந்த நிறத்துக்கு டிவி2 என்று ஒரு குறியீடு உண்டு. கார் பெயிண்ட் கலந்து தரும் கடையில் அதைச் சொன்னேன். ஃபார்முலாவைப் பார்த்து, தராசில் வைத்து, கிராம் கணக்கில் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தார்கள். டப்பாவைத் திறந்து குச்சியால் ஒரு சுற்று சுற்றினேன். உள்ளே அலுமினியத் துகள்கள் சுழன்றதைப் பார்த்த நிமிஷமே மனசு பறக்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் அந்த டப்பாவை வெகுநாள் தொட முடியாது. அதைச் சொன்னவர் சென்னை புதுப்பேட்டையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர் அண்ணன். "தம்பி, பெயிண்ட்ல ஒண்ணுமே இல்ல. எல்லாம் பேப்பர்லதான் இருக்கு" என்றார். அவர் பேப்பர் என்றது வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளை. இந்த வேலையின் மொத்த ரகசியமும் அந்த ஒரு வரிதான்.

முதலில் கேபினெட்டை அக்கக்காகப் பிரிக்க வேண்டும். ஸ்க்ரூ மட்டும் கழற்றினால் போதாது, ரிவிட்களையும் 3.2 மில்லிமீட்டர் பிட்டால் துளைத்து எடுத்துவிட வேண்டும். திரும்பப் பூட்டும்போது புது ரிவிட் அடித்துக்கொள்ளலாம். கம்பெனியில் அடித்த பெயிண்டை முழுசாகச் சுரண்டி எடுக்காதீர்கள். கேபினெட் தகடு பெரும்பாலும் துத்தநாகம் பூசிய ஸ்டீல். துத்தநாகத்தின் மேல் சாதாரண பெயிண்ட் பிடித்து நிற்காது, நாளாவட்டத்தில் தோலாக உரிந்து வரும். பழைய கோட்டிங் உறுதியாக இருந்தால் அதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. 320 நம்பர் தாளால் பளபளப்பு போகிற வரை தேய்த்தால் போதும். தகடு வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் எட்ச் பிரைமர். முன்பக்க பிளாஸ்டிக்குக்குத் தனி பிளாஸ்டிக் பிரைமர். அதன் பக்கத்தில் என்.சி. தின்னரைக் கொண்டுபோகவே கூடாது, பிளாஸ்டிக் இளகிவிடும்.

அடுத்து வருவதுதான் எனக்கு உயிரான கட்டம். இவற்றின் மேல் பள்ளங்களை நிரப்பும் ஃபில்லர் பிரைமரை அடித்து, அது காய்ந்ததும், அதன் மேல் தூரத்திலிருந்து கறுப்பு பெயிண்டைப் பனிபோல லேசாகத் தூவிவிட வேண்டும். பட்டறையில் இதை கைட் கோட் என்பார்கள். பிறகு தாளை ரப்பர் பிளாக்கில் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க, மேடான இடத்துக் கறுப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் இருப்பது மட்டும் அப்படியே நிற்கும். மட்டமாகத்தான் இருக்கிறது என்று நாம் சத்தியம் செய்யக்கூடிய பக்கவாட்டுத் தகட்டில் எத்தனை பள்ளம் என்று அப்போதுதான் தெரியும்! கைப்பிடிக்குப் பக்கத்தில், பிரஸ்ஸில் மடித்த ஓரத்தில், நடுவில் ஒரு நீள அலை. எல்லாமே ஒரு வரைபடமாக எழுந்து வருகிறது. இன்னொரு விஷயம். இந்தத் தகடு மெல்லிசு. அழுத்தினால் நடுவில் அமுங்கிக்கொள்ளும், தாள் ஓரத்தை மட்டும் தின்னும். அடியில் ஒரு பிளைவுட் பலகை கொடுங்கள். கடைசிக் கறுப்புப் புள்ளி மறைந்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் ஒரு தடங்கலும் தட்டாத அந்தச் சுகம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு கேபினெட் வாங்கலாம்.

நீலம் அடிக்க பிப்ரவரி காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். சென்னையில் கடல் காற்று ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஈரக் காற்றில் லேக்கர், அதாவது தின்னர் ஆவியாகிக் காயும் பெயிண்ட், அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அதில் ஈரம் படியும், நிறம் பால்போல வெளுத்துவிடும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். மெட்டாலிக் பெயிண்டில் மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. எல்லாத் தகடுகளையும் கேபினெட்டில் எப்படி நிற்குமோ அப்படியே நிறுத்தி, ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் அடிக்க வேண்டும். துகள்கள் படுக்கிற வாகு மாறினால் ஒரே டப்பா நீலம் இரண்டு நீலமாகத் தெரியும். ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையைப் பாதி மூட வேண்டும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிஷம் ஆறவிட வேண்டும். மெட்டாலிக் மேல் மட்டும் உப்புத்தாள் படவே கூடாது. துகள்கள் அறுந்து கறை தட்டிவிடும்.

அப்புறம் கிளியர், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு. ஹார்டனர் கலந்து அடிக்கும் டூகே கிளியர்தான் வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். கடினம், பெட்ரோல் பட்டாலும் தாங்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடிய சரக்கு. வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேஜை மேல் நிற்கிற கேபினெட்டுக்குப் பெட்ரோலா படப்போகிறது, வெயிலா அடிக்கப்போகிறது? நான் அக்ரிலிக் லேக்கர் கிளியரைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கும் ஆவி வடிகட்டும் முகமூடியும் திறந்த வெளியும் கட்டாயம். இதைக் குறைந்த சரக்கு என்று நினைக்காதீர்கள். 1920களில் டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ லேக்கர் வந்துதான் வாரக்கணக்கில் இழுத்த கார் பெயிண்ட் வேலையைச் சுருக்கியது. 1950களின் கடைசியிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பல வருஷம் மின்னியது அக்ரிலிக் லேக்கரில்தான். இதில் இன்னொரு அருமை, புதுக் கோட் பழைய கோட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். பின்னால் கீறல் விழுந்தாலும் சரிசெய்வது சுலபம்.

கிளியர் நன்றாக இறுகச் சில வாரம் விட்டுவிடுங்கள். அதன் பின் 1500, 2000, 3000 என்று ஏறுவரிசையில் வாட்டர் பேப்பர். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. பெயிண்ட் மெலிசாக இருக்கும் விளிம்புகளில் மாஸ்கிங் டேப். 1500 பட்டதும் மின்னிய நீலம் மங்கிச் சாம்பல் பூத்துப்போகும். பயப்படவே வேண்டாம். ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்த புள்ளி புள்ளி மேடுகள் மட்டமாகின்றன என்றுதான் அதற்கு அர்த்தம். 3000 முடிந்து, ரப்பிங் காம்பவுண்டைப் பஞ்சுத் திண்டில் தொட்டு ஓட்டினேன். நெளிநெளியாகத் தெரிந்த டியூப் லைட் ஒரே நேர்கோடாக, விளிம்பு கூர்மையாக, தகட்டுக்குள் இறங்கி நின்றது. என்ன ஆழம் அந்த நீலத்துக்கு! நிழலில் ஊதா தட்டுகிறது, வெயில் பட்டால் துகள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

பெயிண்ட் அடிக்கத் தொடங்கும் முன்பே கவனிக்க வேண்டியதும் உண்டு. மதர்போர்டு நிற்கும் ஸ்டாண்ட்-ஆஃப் துளைகள், பின்பக்க ஐ.ஓ. ஷீல்டு உட்காரும் விளிம்பு, பவர் சப்ளை ஒட்டும் பரப்பு, இந்த இடங்களைப் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே உலோகமும் உலோகமும் தொட்டால்தான் எர்த் சரியாகக் கிடைக்கும். பக்கவாட்டுத் தகடு வழுக்கி நுழையும் தண்டவாளத்திலும் கனமாக அடிக்காதீர்கள், இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கடையில் நல்ல நிற கேபினெட்டே கிடைக்கிறதே என்று கேட்பவர்களை என் அறைக்குக் கூப்பிடுகிறேன். பக்கவாட்டில் குனிந்து பார்த்தவர்கள் யாருமே அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி தன் கேபினெட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டே வந்துவிட்டான். அவனுக்கு புல்லட் பைக்கின் மெரூன் வேண்டுமாம். ரிவிட் எல்லாம் எடுத்தாயிற்று, இந்த ஞாயிற்றுக்கிழமை 320 நம்பர் தாளில் ஆரம்பிக்கிறோம்.